பீம் நகராது

காலை ஒன்பதே காலுக்குள்
ஐந்து பேரும் கட்டடத்துக்குள் வந்துவிடுகிறோம்.
கட்டடம் இன்னும் கட்டப்படவில்லை.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
பேக்கரி மாடியில் எங்கள் மூன்று மேசைகள்.
வர்க்கி வேகிற வாசனை படியேறி வந்து
கீபோர்டில் உட்காரும்.
மெர்லின் ஊட்டியில்.
தவசீலன் கோவையில், ஃபேனுக்கடியில்.
திரையில் எல்லாரும் ஒரே கூரையின் கீழ்.

போஜன் சிவப்பு: தூண், பீம், தளம்.
மைமூன் பச்சை: சுவரும் கதவும்.
ஏசி டக்ட் இழுக்கும் மெர்லின் ஊதா.
வயர்களின் அதிபதி தவசீலன் மஞ்சள்.
நான் நீலம். குழாய்க்காரி.

முதல் மாடியில் டயாலிசிஸ், பன்னிரண்டு படுக்கை.
ஒவ்வொன்றுக்கும் சுத்த நீர் வர வேண்டும்,
கழிவு நீர் போக வேண்டும்.
இந்தக் கட்டடமே தண்ணீருக்குத்தான் என்று
ஒரு மீட்டிங்கில் சொன்னேன்.
மைக்கை அணைக்க மறந்து யாரோ சிரித்தார்கள்.

எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது:
இரண்டு பொருள் ஒரே இடத்தைக் கேட்டால்
குழாய் நகரும்.
டக்ட் முனகிவிட்டு நகரும்.
சுவர் யோசிக்கும்.
பீம் நகராது.
வளையத்தானே குழாய் என்பார் போஜன்,
பகையாக அல்ல,
சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதைப்போல.

ஆனால் கழிவுக்குழாய் நினைத்தபடி வளையாது.
அதற்குச் சரிவு வேண்டும்,
மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டராவது.
ஜன்னலுக்கு வெளியே எல்லாமே சரிவு.
தேயிலை சரிவு, ரோடு சரிவு,
வண்டியை நிறுத்தினால்
சக்கரத்துக்குக் கல் வைக்கிற ஊர்.
இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு
சீலிங்குக்குள் ஒரு சாண் சரிவுக்குக்
கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பீமைத் தொட்டேன்.
‘இது போஜனிடம் இருக்கிறது. அனுமதி கேட்கவா?’
கேள் என்று அழுத்தினேன்.
போஜன் மண் பார்க்க சைட்டுக்குப் போயிருந்தார்.
அங்கே பனிமூட்டம், சிக்னல் இல்லை.
அவர் பெயர் மட்டும்
பீமைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
மத்தியானம் வரைக்கும் சிவப்பாக நின்றது.
நடுவில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியபோதும்
அது விடவில்லை.

மூன்று மணிக்கு வந்தார்.
முழங்கால் வரை செம்மண்.
ஷூவைக் கழற்றி அட்டையைத் தேடியபடி,
‘எவ்வளவு வேணும்?’
‘இருநூறு மில்லி.’
‘டானிக்கா?’

பிறகு வெறுங்காலோடு உட்கார்ந்து
பீமைப் பிடித்துத் தளத்துக்கு மேலே புரட்டினார்.
கீழே தொங்கிக்கொண்டிருந்தது
இப்போது டயாலிசிஸ் அறைக்குள்
திண்டு போல் நீட்டியது.
மைமூன் நாற்காலியைத் திருப்பவேயில்லை.
அவளுடைய பச்சைச் சுவர் இடப்பக்கமாய் வந்து
திண்டின்மேல் ஏறி நின்றுகொண்டது.
சுவர் வந்ததால் கதவு எதிர்ப்பக்கம் போனது.
கதவு போனதால் ஊட்டியில் மெர்லின்
டக்டை ஒடுக்கினாள்.
திட்டியிருப்பாள், கேட்கவில்லை.
காலியான இடத்தில்
என் நீலக்கோடு தங்குதடையில்லாமல் இறங்கிப் போனது.
அதை நான் வரைந்தேன் என்று சொல்லக்
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

‘பீம் நகராதுன்னீங்களே?’
‘நகரல. கவுத்துப் போட்டேன்.’

ஆறு மணிக்கு எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து
மோதல் எண்ணினோம்.
காலையில் நாற்பத்துமூன்று.
இப்போது ஒன்று:
தவசீலனின் கேபிள் தட்டு, என் குழாயின் குறுக்கே.
‘அக்கா, குழாயை நகர்த்துங்க’ என்று எழுதியிருந்தான்.
நாளைக்கு என்று எழுதினேன்.

மூடுவதற்கு முன் ஒருமுறை உள்ளே நடந்தேன்.
எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.
ஏழாம் படுக்கையின் மேல் மட்டும்
ஒரு மஞ்சள் அம்பு, அசையாமல்.
வெளியேற மறந்திருக்கிறான்.
விளக்கை அணைக்கலாமா என்று
ஒரு நிமிடம்
கை ஸ்விட்சைத் தேடியது.